அனுமதி கேட்காத விளக்கு



வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்தியதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அதன் வழியாக எங்கள் தாயாரிடம் நாங்கள் செய்துவிட்ட ஒரு பிழையை உணர எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதே பிழை பிற இல்லங்களிலும் நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

எங்கள் உம்மா கீழக்கரையில், உம்மம்மா வழியாகத் தமக்கு வந்த பழைய வீட்டில் வசிக்கிறார்கள். வாப்பா வஃபாத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூவர். ஒருவர் சென்னையிலும், ஒருவர் கோயம்புத்தூரிலும், ஒருவர் துபாயிலுமாக இருக்கிறோம். பகலில் உதவிக்கு ஒரு பெண்மணி வந்து போவார். இரவில் உம்மா தனியாகத்தான் இருப்பார்கள். "எங்களோடு வந்து இருங்கள்" என்று மூவருமே அழைத்துப் பார்த்துவிட்டோம். இரண்டு வாரம் தங்குவார்கள். பிறகு ஊர் நினைவு வந்துவிடும்.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஓர் இரவு, உம்மா படுக்கையறையிலிருந்து முற்றத்துப் பக்கம் போகும்போது நடைப்படியில் கால் தடுக்கி விழுந்துவிட்டார்கள். அல்லாஹ்வின் அருளால் எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. காரணம் எளிது. நடைக்கான விளக்கின் சுவிட்ச் நடையின் மறுகோடியில் இருந்தது. இருட்டைக் கடந்து போனால்தான் விளக்கைப் போட முடியும். நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நடந்தோம். எழுபதைத் தாண்டிய கால்களுக்கு அது ஆகாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ரமளானுக்கு முன்பே ஏதேனும் செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தோம். கைப்பேசியிலிருந்து இயக்கக்கூடிய சுவிட்ச் கருவிகள் நான்கு வாங்கினோம்: படுக்கையறை, நடை, முற்றம், ஒளூச் செய்யுமிடம் ஆகிய நான்கிற்கும். தீப்பெட்டி அளவிலான கருவி அது. பழைய சுவிட்சை எடுக்காமல், அதன் பின்னால் போர்டுக்குள்ளேயே பொருத்திவிடலாம். சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரியும்; கைப்பேசியில் தொட்டாலும் எரியும். உம்மாவின் கைக்குப் பழகியது மாறக்கூடாது என்பதற்காகவே இவ்வகையைத் தேர்ந்தோம்.

பொருத்தும் வேலை நாங்கள் நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. சாதாரண சுவிட்சுக்கு மின்னோட்டமுள்ள ஒரு கம்பி போதும். அதனை அறுத்தும் சேர்த்தும் விடுவதே அதன் வேலை. இந்தக் கருவியோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து, கைப்பேசியின் கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே அதற்கு நியூட்ரல் கம்பியும் வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டுகளில் நியூட்ரல் இருக்கும். எங்கள் நடையின் போர்டில் இரண்டு சுவிட்சுகள் மட்டுமே இருந்தன, நியூட்ரல் இல்லை. நியூட்ரல் இல்லாமலே இயங்கும் கருவிகளும் சந்தையில் உண்டு. அவை தம் தேவைக்கான சிறு மின்சாரத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டுக் கொள்ளும். அதனால் எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்குவதுண்டு. அதற்கென ஒரு சிறு துணைக்கருவியை விளக்கின் பக்கம் சேர்க்க வேண்டியிருக்கும்.

வேலைக்கு வந்த எலெக்ட்ரீசியன் தம்பி பொறுமைசாலி. "எர்த் கம்பிதான் இருக்கிறதே, அதையே நியூட்ரலாகக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். தம்பி கையை உதறிக்கொண்டு மறுத்துவிட்டார். எர்த் என்பது உயிர்காக்கும் கம்பி. அதில் மின்சாரத்தை ஓடவிட்டு, எங்கேனும் அது அறுந்தும் போனால், குளிர்பதனப் பெட்டியின் உடம்பைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். "மாமி தனியா இருக்கிற வீடு காக்கா, அப்படி நான் செய்ய மாட்டேன்" என்றார். மெயினை நிறுத்திவிட்டு, டெஸ்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து, நடைக்குப் புதிய நியூட்ரல் கம்பி இழுத்தார். அரை நாள் பிடித்தது. இந்த வேலையை இணையக் காணொளியைப் பார்த்துத் தாமே செய்ய நினைப்பவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ளட்டும்.

மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது விளக்கு எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் செயலியில் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. முதல் வாரத்தில் ஓர் இரவு கரண்ட் போய்த் திரும்பியதும் நான்கு விளக்குகளும் ஒருசேர எரிந்து, உம்மா கள்வர் வந்துவிட்டார்கள் என்று அஞ்சி ஆயத்துல் குர்ஸீ ஓதத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் அதனைச் சரிசெய்தோம்.

வீண்விரயம் குறித்தும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மின்சாரத்தைச் சேமிக்கும் என்று சொல்லித்தான் இக்கருவிகளை விற்கிறார்கள். ஒரு கருவி விழித்திருப்பதற்கு ஒரு வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அது 24 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை 2 மணி 40 நிமிடம் எரிப்பதற்குச் சமம். அதாவது, நாள்தோறும் அவ்வளவு நேரம் அணைக்க மறந்து விளக்கை எரியவிடும் வீடாக இருந்தால்தான் கணக்கு நேராகும். எங்கள் உம்மாவோ, அறையை விட்டு வெளியேறுமுன் விளக்கை அணைக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. நான்கு கருவிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 35 யூனிட் கூடுதலாகவே செலவாகும். ஆனாலும் சேமிப்பு எங்கள் நோக்கமன்று. உம்மாவின் பாதுகாப்பே நோக்கம். அதனால் மன நிறைவோடு ஊர் திரும்பினோம்.

இரவு பத்தரை மணிக்கு எல்லா விளக்குகளும் தாமாக அணையும். அதிகாலை மூன்றரைக்கு நடை விளக்கு தானாக எரியும். இடையில் தேவைப்பட்டால் உம்மா கட்டிலருகிலுள்ள சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம். இரவில் உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரைத் தீக்கிரையாக்கிவிடக்கூடும் என்று அதற்கான காரணத்தைக் கூறியதையும் ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். தீப்பற்றும் அச்சமில்லாத விளக்குக்கு அத்தடை இல்லை என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். ஆயினும், ஒரு சுன்னத்தை ஒரு கருவியின் துணையோடு பேணுகிறோம் என்று உள்ளூர மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

செயலியில் "வரலாறு" என்றொரு பக்கம் உண்டு. எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது என்பதெல்லாம் அதில் வரிசையாகப் பதிவாகும். கைப்பேசியில் தொட்டாலும் சரி, உம்மா தம் கையால் சுவரில் தட்டினாலும் சரி, பதிவாகிவிடும். நாங்கள் மூவரும் அச்செயலியை எங்கள் கைப்பேசிகளில் இணைத்திருந்தோம். முதலில் அதனைப் பார்த்தது கவலையினால்தான். விழுந்து எழுந்த தாய் இரவில் எழுகிறார்களா, எழுந்தால் திரும்பிப் படுக்கிறார்களா என்று அறிந்துகொள்ள விரும்பினோம்.

இரவு 2.10க்குப் படுக்கையறை. 2.14க்கு நடை. 2.15க்கு ஒளூச் செய்யுமிடம். பிறகு படுக்கையறை விளக்கு மட்டும் நான்கு மணி வரை. ஒவ்வோர் இரவும் இப்படியே.

சென்னையில் இருப்பவர் மறுநாள் காலையில் அழைத்து, "உம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்திட்டீங்களே, உடம்புக்கு என்ன? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். உம்மா சிறிது நேரம் பேசவில்லை. "ஒண்ணுமில்லை, தூக்கம் வரலை" என்றார்கள். கோயம்புத்தூரில் இருப்பவர், தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பார்க்கலாம் என்று தனியே யோசனை சொன்னார். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. அங்கிருப்பவர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பவர். விளக்கு எரியும்போதே அவருக்கு அறிவிப்பு வந்துவிடும். அவர் ஒருநாள், மனம் நெகிழ்ந்து, குடும்பத்து வாட்ஸ்அப் குழுமத்தில் எழுதிவிட்டார்: உம்மா தினமும் இரண்டு மணிக்கு எழுந்து தஹஜ்ஜுத் தொழுகிறார்கள், வாப்பா போன பிறகு ஓர் இரவும் விட்டதில்லை போலிருக்கிறது என்று. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று நாற்பது பேர் பதில் எழுதினார்கள். சாச்சி ஒருவர் உம்மாவை அழைத்தே வாழ்த்துச் சொன்னார்.

அதற்கடுத்த இரவிலிருந்து பதிவுகள் நின்றுவிட்டன.

பத்தரைக்கு விளக்குகள் அணையும். மூன்றரைக்கு நடை விளக்கு எரியும். இடையில் ஒன்றுமில்லை. உம்மா நன்றாக உறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நாங்கள் நிம்மதியடைந்தோம். "அல்ஹம்துலில்லாஹ், தூக்கம் திரும்பிவிட்டது" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்காக மூவரும் ஊருக்குச் சென்றோம். பெருநாளுக்கு முந்தைய நாள் துணிகளைத் துவைத்து உலர்த்தும்போது, உம்மாவின் தொழுகைத் துப்பட்டியின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குக் கருகியிருப்பதைக் கண்டோம். இஸ்திரி போடும்போது தீய்ந்துவிட்டது என்றார்கள் உம்மா. ஆனால், ஒளூச் செய்யுமிடத்துத் திண்டின் மீது மெழுகு உருகி உறைந்த தடங்கள் வரிசையாக இருந்தன. அலமாரியின் மூலையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி இருந்தது.

இனி விளக்கத் தேவையில்லை. உம்மா உறங்கத் தொடங்கவில்லை. அதே இரண்டு மணிக்கு எழுந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல், இருட்டில் நடையைக் கடந்து, மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் ஒளூச் செய்து, அதன் வெளிச்சத்திலேயே தொழுது வந்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று மாதங்கள். அவர்கள் இருட்டில் விழுந்துவிடக் கூடாது என்று விளக்குகளை மாற்றினோம். அந்த விளக்குகளே அவர்களை இருட்டுக்குள் துரத்தியிருக்கின்றன. திரியின் நெருப்பு வீட்டாரை எரித்துவிடும் என்று எச்சரித்த நபிமொழியைப் பேணுவதாக மகிழ்ந்தோமே, அந்தத் திரியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் நாங்களே.

"டார்ச் லைட்டாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா உம்மா?" என்று அழாத குறையாகக் கேட்டோம். "டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒளூச் செய்ய முடியுமா?" என்றார்கள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்கள்: "விளக்கு எரியுதா அணையுதான்னு நீங்க பாருங்க வாப்பா, அதுல எனக்கு வருத்தமில்லை. நான் எழும்புறதை ரப்பு பாக்குறான். அது அவனோட இருக்கட்டும்னுதான் நினைச்சேன். உங்க வாப்பாவுக்கே நான் சொன்னதில்லை."

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

பெருநாள் கழிந்த மறுநாள், எங்கள் குடும்பத்துக்கு நன்கு அறிமுகமான ஆலிம் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். கருவியில் தவறில்லை என்றார்கள் அவர்கள். பிறகு எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "இந்தப் பதிவுகளைப் பார்க்கப்போகிறோம் என்று உங்கள் உம்மாவிடம் அனுமதி கேட்டீர்களா?" கேட்கவில்லை. விளக்கு தானாக எரியும் என்று சொன்னோம். எங்கள் கைப்பேசியிலிருந்து போடலாம் என்றும் சொன்னோம். அவர்கள் எழுவதும் படுப்பதும் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி என்று கூட அது எங்களுக்குத் தோன்றவில்லை. பெற்ற தாயிடம் பிள்ளைகள் அனுமதி கேட்பதா?

அப்போது அவர்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் ஒரு செய்தியை நினைவூட்டினார்கள். ஒரு மனிதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் தாய் இருக்குமிடத்துக்குள் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று வினவினார். ஆம் என்று பதில் வந்தது. தாமும் தாயும் ஒரே வீட்டில் வசிப்பதாகச் சொன்னார் அவர். அப்போதும் கேட்கத்தான் வேண்டும் என்றார்கள். தாய்க்குப் பணிவிடை செய்பவரே தாம்தான் என்றார். அதற்கும் அதே பதில்; தாயை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாரா என்றும் அவரிடம் கேட்கப்பட்டது. அம்மனிதர் சொன்ன இரண்டு நியாயங்களும் எங்களுடையவையே என்பது எங்களைச் சுட்டது. எங்கள் வீடு, எங்கள் பணிவிடை என்ற இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கேட்காமல் நுழைந்திருந்தோம்.

கதவின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதும், அனுமதி கேட்கும் ஒழுக்கம் பார்வையை முன்னிட்டே விதிக்கப்பட்டது என்று அவர்கள் உணர்த்தியதும் புகாரியில் வருகின்றன. நாங்கள் துவாரத்தில் கண் வைக்கவில்லை. படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியைத்தான் பார்த்தோம். ஆனால் பார்த்தது அதே அறையைத்தான். ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளே கூட அனுமதி பெற்று நுழைய வேண்டும் என்ற சட்டம் குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் பெயர் அந்நூர். ஒளி என்பது பொருள். பலமுறை ஓதிய அத்தியாயம்தான். எங்கள் வீட்டு விளக்கோடு அதனை நாங்கள் பொருத்திப் பார்த்ததில்லை.

அன்று மாலை உம்மாவின் அருகில் அமர்ந்து, செயலியைத் திறந்து, அதில் என்னென்ன தெரியும் என்பதை முதன்முறையாக அவர்களுக்குக் காட்டினோம். மன்னிப்புக் கேட்டோம். "இனி என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்வதே முடிவு" என்றோம். உம்மா யோசித்துச் சொன்னதைக் கேட்டு எங்களுக்கே வியப்பு. எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. முற்றத்து விளக்கு இருக்கட்டும், வெளியே போய்விட்டு இருட்டிய பின் வீடு திரும்பும்போது உதவுகிறது என்றார்கள். படுக்கையறை, நடை, ஒளூச் செய்யுமிடம் மூன்றும் பழையபடி இருக்கட்டும் என்றார்கள்.

அதே எலெக்ட்ரீசியன் தம்பி வந்து மூன்று கருவிகளையும் கழற்றினார். நடை விளக்குக்கு இரு முனைகளிலும் சுவிட்ச் வைத்தார். மாடிப்படி விளக்குக்கு வைப்பார்களே, அதே முறை. ஒன்று உம்மாவின் கட்டிலுக்கு அருகிலேயே இருக்கிறது. ஷஅபானிலேயே இதனைச் செய்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்; செலவும் நாங்கள் கொடுத்ததில் சிறு பங்குதான். ஒளூச் செய்யுமிடத்தில், ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் சிறு விளக்கு ஒன்றை மாட்டினோம். அது இணையத்தோடு சேராதது. யாரிடமும் எதுவும் சொல்லாது. கட்டிலருகில் ஓர் அழைப்பு மணி இருக்கிறது; அழுத்தினால் அடுத்த வீட்டில் ஒலிக்கும். அதனை அழுத்துவதா வேண்டாமா என்பது உம்மாவின் விருப்பம்.

இப்போது உம்மா இரவில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எழுகிறார்களா என்பதும் தெரியாது. தொடக்கத்தில் அந்த அறியாமை எங்களை உறுத்தியது. கைப்பேசியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்போம். அப்புறம், அந்த உறுத்தல் எழும்போதெல்லாம் காலையில் ஒருமுறை அழைத்துப் பேசுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். செயலி இருந்த காலத்தில் வாரம் இரண்டு முறைதான் பேசினோம் என்பது, எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பதிவுகளைப் பார்த்ததே நலம் விசாரித்ததாகிவிட்டது போல இருந்திருக்கிறோம்.

அன்பர்களே! வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள பெற்றோருக்காகக் கவலைப்படும் பிள்ளைகள் நம்மில் ஏராளம். ஸ்மார்ட் சுவிட்ச், கேமரா, கதவுப் பூட்டு என்று அக்கவலைக்கு மருந்தாகப் பல கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் நன்மை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். வாங்குவதற்கு முன் பெற்றோரிடம் அமர்ந்து, அந்தக் கருவி எதனைச் செய்யும் என்பதோடு எதனைப் பார்க்கும், யாருக்குச் சொல்லும் என்பதையும் விளக்கிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் அறையில் வைக்காதீர்கள். மனைவி மக்கள் இருக்கும் வீட்டிலும் இதே ஒழுக்கம்தான். தற்செயலாக ஒன்று தெரியவந்துவிட்டால் அதனை மூடி மறையுங்கள். அது அவர்களின் நல்லமலாக இருந்தாலும் குழுமத்தில் எழுதிவிடாதீர்கள். மறைவில் செய்யப்படும் அமலுக்குரிய கூலி எவ்வளவு பெரியது என்பதை நாம் அறிவோம். அதன் திரையை விலக்கும் உரிமை பெற்ற பிள்ளைகளுக்கும் இல்லை.

வல்ல ரஹ்மான் எங்கள் உம்மாவின் இரவு வணக்கங்களை ஏற்றுக்கொள்வானாக! நாங்கள் விலக்கிவிட்ட திரைக்காக எங்களை மன்னிப்பானாக! நம் அனைவரின் பெற்றோருக்கும் உடல் நலத்தையும், அவர்களின் இல்லங்களுக்கு ஒளியையும், நமக்கு அவர்களிடம் நடந்துகொள்ளும் நல்லொழுக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.